விழுந்தால் விளையாட்டு, சிக்கினால் குற்றம்: காடை வேட்டையின் இரு அகராதிகள்

காடை வேட்டை குறித்த கல்விப்புல உரையாடல்களில் ஒரு பழைய பிரிவினை கேள்வியின்றித் தொடர்ந்து வருகிறது. துப்பாக்கியும் பழக்கிய நாயும் கொண்டு காடையைச் சுட்டவர் ‘வேட்டை விளையாட்டாளர்’. அவர் எழுதிவைத்தது ‘இயற்கை வரலாறு’. கண்ணியும் வலையும் கொண்டு அதே காடையைப் பிடித்தவர் ‘கள்ள வேட்டைக்காரர்’. அவர் அறிந்திருந்தது வெறும் ‘வாய்வழிச் செய்தி’. முன்னவர் நூலகத்தில் இருக்கிறார். பின்னவர் காவல் நிலையப் பதிவேட்டில் இருக்கிறார். இந்தப் பிரிவினை பறவையியலிலிருந்து பிறந்ததன்று. இன்றைய சட்டத்திலும் அதற்கு இடமில்லை. அது ஆட்சியாளர் மொழியிலிருந்து வந்தது. ஆய்வேடுகள் அதை இன்னும் வழிமொழிந்து கொண்டிருக்கின்றன.

ஆங்கிலத்தில் ‘கேம்’ என்ற ஒரே சொல் விளையாட்டையும் குறிக்கும். சுடத்தக்க விலங்கையும் பறவையையும் குறிக்கும். ஆலன் ஆக்டேவியன் ஹியூமும் சி. எச். டி. மார்ஷலும் 1879 முதல் 1881 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட நூலின் பெயர் ‘இந்தியா, பர்மா, இலங்கையின் கேம் பறவைகள்’. அந்தப் பெயரிலேயே காடை ஒருவருடைய பொழுதுபோக்குப் பொருளாகிவிட்டது. பசிக்காகவோ சந்தைக்காகவோ காடை பிடித்தவருக்கு அந்தச் சொல்லுக்குள் இடமில்லை. அவர் விளையாடவில்லை அல்லவா?

ஆனால் களத்தில் இவ்விரு வேட்டைகளும் தனித்தனியாக நடந்தவை அல்ல. சாதாரணக் காடை வலசை வரும் பறவை. குளிர்காலத்தில் வட இந்திய வயல்களில் இறங்கி, கோதுமை முதிரும் வேளையில் வடக்கு நோக்கித் திரும்பும். அந்தப் பருவத்துத் துப்பாக்கி வேட்டைக்கு முந்தைய இரவிலேயே பறவை பிடிப்போரின் வேலை தொடங்கிவிடும். கூண்டில் அடைத்த காடைகளை வயலில் வைத்துக் கூவவிடுவார்கள். மற்றப் பறவைகளை ஈர்க்கப் பழக்கிய பறவைக்குத் தமிழில் ‘பார்வை’ என்று பெயர். இரவில் பறந்து செல்லும் காடைகள் அந்தக் குரலைக் கேட்டு வயலில் இறங்கும். விடிந்ததும் துரைமார் வருவர். கூலியாட்கள் வரிசையாக நடந்து பறவைகளைக் கிளப்ப, துப்பாக்கிகள் வெடிக்கும். கதிர்களுக்கிடையே விழுந்த சிறு உடல்களை நாய் மோப்பம் பிடித்துக் கவ்விவரும். இந்த வரிசையில் பார்வைப் பறவையைப் பழக்கியவரின் அறிவை நீக்கிவிட்டால் துரையின் பை நிறைந்திராது. எனினும் அந்தக் காலையின் பெருமை துப்பாக்கிக்கும் நாய்க்கும் போயிற்று. நாய்களுக்காவது பெயர் இருந்தது.

‘நாயுடன் வேட்டை’, ‘நாயின்றி வேட்டை’ என்ற பாகுபாடும் தோன்றுவதுபோல் எளிதன்று. நாய் தேவையா என்பதை வேட்டைக்காரரின் பண்பாடு முடிவு செய்வதில்லை; பறவையின் இயல்பு முடிவு செய்கிறது. சாதாரணக் காடையும் மழைக்காடையும் காலடி அருகில் வரும்வரை புல்லோடு புல்லாக ஒட்டிக்கிடக்கும். மோப்பம் அறிந்த நாய் அவற்றைக் கண்டுபிடித்துவிடும். புதர்க்காடைகள் குடும்பமாகக் கூடி வாழ்பவை. மிதிபடும் நிலை வரும்போது ஒரே நொடியில் எல்லாத் திசைகளிலும் சிதறிப் பறக்கும். பின் ஒன்றையொன்று அழைத்து மீண்டும் கூடும். அவற்றைப் பிடிக்க அந்த அழைப்பொலியை அறிந்தவர் வேண்டும். மோப்பத்தால் அங்குப் பயன் குறைவு. சாதாரணக் காடையின் கூவல் மூன்று அசை. மழைக்காடையினது இரண்டு அசை. கண்ணி வைப்பவர் பறவையைப் பார்ப்பதற்கு முன்பே அது எதுவென்று அறிவார். நாய்க்கும் துப்பாக்கிக்கும் இந்த வேறுபாடு பொருட்டன்று.

‘காடை’ என்று அழைக்கப்படும் இன்னொரு குழு உண்மையில் காடையே அன்று. பின்விரல் இல்லாத, மூன்று விரல் மட்டுமே உடைய அந்தப் பறவைகள் உறவுமுறையில் கோழிகளைவிட உள்ளான்களுக்கும் ஆலாக்களுக்கும் நெருக்கமானவை. அவற்றில் பெண்ணே பெரியது, நிறம் மிக்கது; எல்லைக்காகக் கூவிச் சண்டையிடுவது. முட்டையை அடைகாப்பது ஆண். பால்வழிப் பங்குகள் தலைகீழாக அமைந்த இந்த வாழ்க்கையைக் கர்நாடகச் சமவெளியின் பறவை பிடிப்போர் நன்கறிந்திருந்தனர். சென்னைப் படையில் மருத்துவராக இருந்த தாமஸ் ஜெர்டன், 1862 முதல் 1864 வரை வெளிவந்த ‘இந்தியப் பறவைகள்’ நூலில் அவர்களது முறையைப் பதிவு செய்திருக்கிறார். கூண்டில் ஒரு பெண் பறவையைப் பார்வையாக வைப்பார்கள். அதன் முழக்கத்தைக் கேட்டு மற்றப் பெண் பறவைகள் சண்டைக்கு ஓடிவரும். கம்பிகளுக்கிடையே கட்டிய நூல் அறும், மூடி விழும், சிறுமணி ஒலிக்கும். சிக்கியவை எல்லாம் பெண் பறவைகள். பிடித்தவர் ஜெர்டனின் வீட்டை அடைவதற்குள் சில பறவைகள் பைக்குள்ளேயே முட்டையிட்டுவிடுமாம்.

இந்தப் பதிவை இருவகையாகப் படிக்க வேண்டும். முதலாவது, பெண் பறவையின் எல்லைப்போரைச் செய்முறையில் நிறுவிக் காட்டியவர் ஜெர்டனுக்குப் பறவை கொண்டுவந்த மனிதர். நூலில் அவருக்குப் பெயர் இல்லை. இரண்டாவது, அந்த முறை கொடியது. முட்டையிடும் பெண் பறவைகளையே தேடி எடுக்கும் வேட்டை ஓர் இனத்தின் அடுத்த தலைமுறையை வேரோடு பறிக்கிறது. கண்ணி வைப்பவரை ‘இயற்கையோடு இயைந்து வாழ்ந்த தொல்குடி’ என்று போற்றும் கனிவான கட்டுரைகளும் இந்த இடத்தில் பொய்யாகின்றன. அறிவு இருந்தது, அழிவும் இருந்தது என்று இரண்டையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. சுட்டவர்களைப் பற்றி அவ்வாறு சேர்த்துச் சொல்லத் தெரிந்த கல்விப்புலம், பிடித்தவர்களைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் ஏன் குற்றத்திலோ புகழ்ச்சியிலோ போய் நின்றுவிடுகிறது?

விடை 1871இல் இருக்கிறது. அந்த ஆண்டு வந்த குற்றப் பழங்குடிகள் சட்டம், பிறப்பையே குற்றத்துக்குச் சான்றாக்கியது. பின்னர் விரிவாக்கப்பட்ட அதன் பட்டியல்களில், பறவையும் சிறுவிலங்கும் பிடித்து வாழ்ந்த பார்திகளும் சேர்ந்தனர். ‘பார்தி’ என்ற பெயர் வேட்டையைக் குறிக்கும் மராத்திச் சொல்லிலிருந்து வந்தது. அவர்களுள் ஒரு பிரிவின் பெயரான ‘ஃபாசே’ கண்ணியைக் குறிக்கும். அந்தச் சட்டம் வந்த அதே பத்தாண்டில்தான், இந்திய அரசின் செயலாளராக இருந்த ஹியூம் நாடு முழுவதிலுமிருந்து பறவைத் தோல்களைத் திரட்டிக்கொண்டிருந்தார். சட்டம் 1952இல் நீக்கப்பட்டது. சொல்லின் கறை நீங்கவில்லை.

இன்று நடப்பிலுள்ள 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், சுடுவது, பொறிவைப்பது, கண்ணியிடுவது, விரட்டுவது, இரைகாட்டி ஈர்ப்பது அனைத்தையும் ‘வேட்டை’ என்ற ஒரே வரையறைக்குள் கொண்டுவருகிறது. பறவையின் கூட்டைக் கலைப்பதும் அதில் அடங்கும். 1991இன் திருத்தம் விளையாட்டு வேட்டைக்கு இருந்த உரிமங்களுக்கு முடிவு கட்டியது. அவ்வகையில் சட்டத்தின் மொழி, கல்விப்புலத்தின் மொழியைவிட நாகரிகமானது.

இருந்தும், அவ்வப்போது ஒரு வாதம் தலைதூக்குகிறது: நாய்களுடன் நடத்தும் ஒழுங்குபடுத்திய காடை வேட்டையை மீண்டும் அனுமதிக்கலாம், அமெரிக்காவில் வேட்டைக்காரர் செலுத்தும் வரி காட்டுயிர்ப் பாதுகாப்புக்கு உதவுகிறதே என்பது அது. 1937 முதல் அங்குத் துப்பாக்கி, தோட்டா மீதான வரி அவ்வாறு செலவிடப்படுவது உண்மை. அந்த வரி இருந்தும், நாய்களுடன் வேட்டையாடப்படும் பாப்வைட் காடையின் எண்ணிக்கை அங்குப் பெருமளவு சரிந்திருப்பதும் உண்மை; வாழிடம் போனதே முதன்மைக் காரணம். இந்தியாவின் நிலையோ வேறு. ஒரே புல்வெளியில் பல இனங்கள் கலந்து வாழ்கின்றன. கிளம்பிய காடை கண்ணில் படும் நேரம் ஓரிரு நொடி. அந்த நொடியில் அது மழைக்காடையா, புதர்க்காடையா, காடையே அல்லாத மூவிரல் பறவையா என்று பார்த்துச் சுடுபவர் யார்? இமயமலைக் காடை 1876இல் நைனிதால் அருகே சுடப்பட்டபின் ஐயமறப் பதிவாகவில்லை. இன்று எஞ்சியிருப்பவை அருங்காட்சியகங்களில் உள்ள சுமார் ஒரு டஜன் தோல்கள். மணிப்பூர்ப் புதர்க்காடை அழிவின் விளிம்பை நோக்கி நிற்கிறது. தடை நீடிக்க வேண்டும். அது யாவருக்கும் பொதுவான தடையாகவும் இருக்க வேண்டும். ஒருவர் செய்தால் மரபு, மற்றவர் செய்தால் திருட்டு என்ற பேச்சு அதனுடன் ஒட்டிவரக் கூடாது.

காடைகளுக்கு இன்று நாயையும் கண்ணியையும் விடப் பெரிய ஆபத்து இன்னொரு சொல்லில் இருக்கிறது: ‘தரிசு’. காடைகள் வாழும் புல்வெளிகளும் முட்புதர்க்காடுகளும் அரசு ஆவணங்களில் பெருமளவு தரிசுநிலமாகவே எழுதப்பட்டுள்ளன. தரிசு என்று எழுதியபின் அங்கு மரம் நடலாம், ஆலை கட்டலாம், சூரியத் தகடு பதிக்கலாம். அந்த நிலத்தைத் தரிசு என்று ஒருபோதும் கருதாதவர்கள் பார்திகளும் கன்னட நாட்டின் ஹக்கி பிக்கிகளும் தமிழகத்தின் நரிக்குறவர்களும். ‘ஹக்கி’ என்றால் கன்னடத்தில் பறவை. நரிக்குறவரின் வாக்ரிபோலி, தமிழ்நாட்டில் வழங்கும் ஓர் இந்தோ ஆரிய மொழி. அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் அதற்கு இடமில்லை. எந்தப் புல்லில் எந்தக் காடை, எந்த மாதத்தில் எந்தக் கூவல் என்பதற்கான சொற்கள் இத்தகைய மொழிகளில்தான் இருக்கின்றன. வேட்டை நின்றுபோன வீடுகளில் அந்தச் சொற்களும் நிற்கின்றன. அடுத்த தலைமுறைக்கு அவற்றைச் சொல்லித் தருவது, குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல் ஆகிவிட்டது.

ஆகவே ஆய்வாளர்கள் செய்யவேண்டியது மூன்று. ஹியூமையும் ஜெர்டனையும் மேற்கோள் காட்டும்போது, அந்தப் பறவை யார் கையிலிருந்து அவர்களிடம் வந்தது என்பதையும் அந்த வரியிலேயே எழுத வேண்டும். ‘விளையாட்டு வேட்டை’, ‘கள்ள வேட்டை’ என்ற சொற்களை விளக்கமின்றி ஆய்வேட்டில் கையாளக் கூடாது. பறவை பிடிப்போரின் மொழிகளில் உள்ள பறவைச் சொற்களை, சொல்பவரின் இசைவோடும் அவருக்கு வழக்கு வராத பாதுகாப்போடும், முதியவர்கள் இருக்கும்போதே தொகுக்க வேண்டும். புல்வெளிகளைத் தரிசுப் பட்டியலிலிருந்து மீட்கும் வாதத்துக்கு அந்தத் தொகுப்பே முதல் சான்றாகும்.