‘யூதன்’ என்பது வசைச்சொல்லா?

சங்கரன்கோவிலில் வாழும் நம்மில் பெரும்பாலோர் ஒரு யூதரையேனும் நேரில் கண்டதில்லை. ஆயினும் காஸாவின் செய்தி தொலைக்காட்சியில் வரும்போதெல்லாம் நம் வீடுகளில் ‘யூதன்’ என்பது வசைச்சொல்லாகிவிடுகிறது. பிள்ளைகள் அதைக் கேட்டே வளர்கிறார்கள்.

காஸாவில் கொல்லப்படும் குழந்தைகளுக்காக நாம் குரல் கொடுப்போம். இஸ்ரேல் அரசின் அநீதியைக் கண்டிப்போம். அதில் தயக்கமில்லை. ஆனால் ஓர் அரசின் குற்றத்தை ஒரு சமூகம் முழுவதன் மீதும் சுமத்த நமக்கு அனுமதி தந்தவர் யார்? பகைமை கொண்ட கூட்டத்தாரிடமும் நீதி தவறக்கூடாது என்பதல்லவா இறைக்கட்டளை (5:8)? யூதர் ஒருவரின் ஜனாஸா கடந்து சென்றபோது நபி (ஸல்) அவர்கள் எழுந்து நின்றார்கள். அதுவும் ஓர் உயிரல்லவா என்று கேட்டார்கள்.

கொல்கத்தாவில் 1881இல் தொடங்கப்பட்ட யூதப் பெண்கள் பள்ளியில் இன்று பயில்வோருள் பெரும்பாலோர் முஸ்லிம் பிள்ளைகளே. அந்நகரின் யூத ஆலயங்களைத் தலைமுறைகளாகப் பராமரித்து வருவோரும் முஸ்லிம்களே.

வெள்ளி மாலையில் பிள்ளைகளின் தலைமீது கைவைத்து வாழ்த்தும் யூதத் தந்தைக்கும், ஜும்ஆ தொழுதுவிட்டுப் பிள்ளைகளுக்காகத் துஆ கேட்கும் நமக்கும் கவலை ஒன்றே: இக்காலத்தில் இறையச்சத்தோடு இவர்களை எவ்வாறு வளர்ப்பது?

எங்கோ ஒருவன் செய்த குற்றத்துக்காக நம்மைச் சந்தேகிப்போரிடம், ‘எங்களை ஏன் அதில் சேர்க்கிறீர்கள்?’ என்று கேட்கிறோம். அக்கேள்வி நியாயமெனில், அதே தராசில்தான் நாமும் பிறரை நிறுக்க வேண்டும். மூஸா, ஹாரூன், யஃகூப் என்று பிள்ளைகளுக்குப் பெயர் சூட்டும் நாம், அந்நபிமார்களின் சமூகத்தை வசையாக்கலாகாது.