தலையும் பூவும்

காசைச் சுண்டிவிட்டு, "தலையா, பூவா?" என்று கேட்பது நம் பிள்ளைகளின் வழக்கம். ரோம ஸாம்ராஜ்யத்தின் மாகாண நகரங்கள் அடித்த செப்புக் காசுகளைப் பார்க்கும்போது இந்தக் கேள்விக்கு வேறோர் அர்த்தமும் உண்டாகிறது. தலைப் பக்கத்தில் பெரும்பாலும் சக்கரவர்த்தியின் முகம். அதை மாற்ற அந்நகரத்தாருக்கு ஏது துணிவு! பூப் பக்கமோ அவர்களுடையது. ஊர்க் கோவிலும், ஊர்த் தெய்வமும், பாட்டி சொன்ன புராணக் கதையும் அங்கே குடியேறிவிட்டன.

டிராய் யுத்தம் நடந்த இடம் தங்களுடையதே என்று பெருமை கொண்ட இலியோன் நகரத்தார் வீரன் ஹெக்டரைக் காசில் பொறித்தார்கள். கிழத் தந்தையைத் தோளில் சுமந்து, எரியும் நகரை விட்டு வெளியேறும் ஈனியாஸையும் பொறித்தார்கள். பெற்றோரைக் காவடியில் சுமந்த சிரவணன் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தச் சித்திரத்தைப் பிறர் விளக்க வேண்டுவதில்லை.

ஆசியா மைனரிலிருந்த அபாமியாவுக்குப் 'பெட்டி' என்று பொருள்படும் ஒரு பட்டப்பெயர் உண்டு. ஸெப்டிமியஸ் ஸெவரஸ் (கி.பி. 193–211) காலத்தில் அவ்வூரார் அடித்த காசைப் பாருங்கள்: நீரில் மிதக்கும் பெட்டி, அதனுள் ஒரு தம்பதி, கிளையொன்றைக் கொண்டுவரும் பறவை, கிரேக்க எழுத்தில் 'நோவா' என்ற பெயர். மனுவின் ஓடத்தை மச்சாவதார மூர்த்தி இழுத்துச் சென்ற கதை நம் நினைவுக்கு வராமல் இருக்குமா? ஊர்ப் பெயரே அந்தக் கதையை அழைத்து வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அலெக்ஸாந்திரியாவின் காசுகள் நமக்கு இன்னும் நெருங்கியவை. முசிறியில் ஏற்றிய மிளகு அந்தப் பட்டணத்தின் வழியாகவே ரோமுக்குப் போயிற்று. அன்டோனைனஸ் பயஸ் (138–161) காலத்தில் ஹெர்குலிஸின் சாகஸங்களை அங்கே வரிசையாகக் காசில் அடித்தார்கள். பாம்புகள் பூட்டிய ரதமேறி உலகுக்கு உழவைக் கற்பிக்கச் செல்லும் திரிப்டாலமஸும் உண்டு. ரோமுக்குத் தானியம் அளந்த நாட்டுக்குப் பொருத்தமான வீரன்தான்!

ஆனால் இந்தக் கதைக் காசுகளுக்கு நம் வணிகர் மிளகைக் கொடுத்துவிடவில்லை. அவை பெரும்பாலும் சொந்த வட்டாரத்திலேயே செல்லுபடியானவை. தமிழ்நாட்டுப் புதையல்களில் கிடைத்தவை சக்கரவர்த்தியின் பொன், வெள்ளி நாணயங்கள். டைபீரியஸின் வெள்ளிக் காசில், செங்கோலும் கிளையும் ஏந்தி ஓர் அம்மை வீற்றிருக்கிறாள். சமாதான தேவதை என்பர் சிலர். சக்கரவர்த்தியின் தாய் லிவியா என்பர் சிலர். கொங்கு நாட்டில் அவளைக் கையில் வாங்கியவன் திருமகள் என்று கும்பிட்டானோ, யார் கண்டது! நிறுத்துப் பார்த்துத்தான் வாங்கியிருப்பான்.

1898-இல் புதுக்கோட்டைச் சீமையில் 501 ரோமப் பொற்காசுகள் வெளிப்பட்டன. அவற்றில் மிகப் பலவற்றில் சக்கரவர்த்தியின் முகத்தின் குறுக்கே உளி வெட்டு. காக்களூர்த் தொழிற்பேட்டைப் பட்டறைகளைப் பார்த்து வளர்ந்த என் மாணாக்கன் ஒருவன் இந்தப் படத்தைக் கண்டதும், "கழித்த சரக்கென்று அடையாளம் போட்டிருக்கிறார்கள், ஸார்!" என்றான். மறுபடி நாணயமாகச் செல்லாதபடி வெட்டியிருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர் கூறுவதும் ஏறக்குறைய அதுவே.

தமிழரசர் தம் காசைத் தாமே அடித்தவர்கள். பாண்டியன் பெருவழுதியின் காசில் ஒரு புறம் குதிரை, மறு புறம் மீன். கரூர் அமராவதி ஆற்றில் கிடைத்த சேரன் மாக்கோதையின் வெள்ளிக் காசிலே ரோமக் காசின் சாயலில் அரசன் முகம் இருக்கிறது; பெயரோ பழந்தமிழ் எழுத்தில். அபாமியா நகரத்தாருக்குப் பூப் பக்கந்தான் சொந்தம். மாக்கோதைக்குத் தலைப் பக்கமும் சொந்தம்.

எழும்பூர்ப் பொருட்காட்சிசாலையின் நாணயத் தொகுப்பில் ரோமக் காசுகள் உண்டு. பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்கள் ஒரு பூதக்கண்ணாடியையும் எடுத்துச் செல்வது நலம். எழுத்து மிகப் பொடி.