சிற்றறையும் ஒலிபெருக்கியும்

விரலுக்குத் தக்க வீக்கம் வேண்டும் என்பது நம் முன்னோர் மொழி. பொருள் வாங்குங்கால் இம்முதுமொழியை மறந்தோர் படும் துன்பத்தை நாம் நாடோறும் காண்கின்றோம். வீட்டிலிருந்து சங்கீதம் கேட்டற்குரிய ஒலிபெருக்கிகளை வாங்குவதில் அம்மறதி பெரிதும் மிகுகின்றது. பெட்டி பெரிதாயின் இன்பமும் பெரிதாகும் எனப் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் தவறு என்பதும், சிற்றறைக்குச் சிறிய பெட்டியே தகுந்தது என்பதும், விலையினும் அறையும் செவியுமே முதற்கண் கருதத்தக்கன என்பதும் எமது துணிபு. அதனை இயன்ற அளவு ஈண்டு விளக்குவோம்.

பழைய மாணாக்கராகிய நண்பர் ஒருவர் ஆம்பூரிலே தோல் ஷாப்பு ஒன்றில் நெடுங்காலம் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். வேலூரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், ஜவ்வாது மலையடிவாரத்தில், காடும் அருவியும் சூழ்ந்த அமிர்தியின் அருகே சிறு வீடொன்று கட்டிக்கொண்டு வாழ்கின்றார். அவருடைய தந்தையார் மிருதங்கம் வாசித்தவர். அவர் வாசிப்பிற் சில மணி நேரம் ஒலிநாடாவிலே பதிவாகி இருந்தது. மறைந்த தந்தையின் கைந்நாதத்தை அமைதியான இடத்திலிருந்து செம்மையாகக் கேட்கவேண்டும் என்பதே நண்பரின் நெடுநாள் ஆசை. ஓய்வூதியத்தோடு வந்த தொகையிற் பெரும்பகுதியைச் செலவிட்டு, மார்பளவு உயரமுள்ள இரண்டு பெட்டிகளை வாங்கி, 12 அடி நீளமும் 10 அடி அகலமும் 10 அடி உயரமும் உள்ள அறையின் இரு மூலைகளிலும் நிறுத்தினார். பின்னர் ஒரு நாள் எம்மிடம் வந்து, "ஐயா, நாடா கெட்டதோ, என் செவி கெட்டதோ, அறியேன். அப்பாவின் தொப்பி நாதம் வெறும் குமுறலாகக் கேட்கின்றது. இஃது அவர் கை அன்று" என வருந்திக் கூறினார்.

யாம் சென்று கேட்டோம். நாடாவும் கெடவில்லை, செவியும் கெடவில்லை. பெட்டிகளும் தம்மளவிற் குற்றமுடையன அல்ல. குற்றம் பொருத்தத்தின்கண் இருந்தது.

அதன் காரணம் யாதெனிற் கூறுதும். ஒலி காற்றில் ஒரு நொடிக்குச் சுமார் 344 மீட்டர் செல்லும். எதிரெதிராக நிற்கும் இரண்டு சுவர்களுக்கிடையே ஒலி சென்று மீளுங்கால், அவ்விடைவெளிக்குப் பொருந்திய சுரம் பன்மடங்கு ஓங்கி நிற்கும். 12 அடி நீளத்துக்கு அது சுமார் 47 ஹெர்ட்ஸ்; 10 அடி அகலத்துக்குச் சுமார் 56 ஹெர்ட்ஸ். நண்பரின் அறையில் உயரமும் அகலமும் ஒன்றாயிருந்தமையால் 56 ஹெர்ட்ஸ் இரட்டித்துக் குமுறிற்று. ஆண் குரலுக்கு ஒரு கட்டைச் சுருதி சுமார் 130 ஹெர்ட்ஸ். அதற்கு ஒரு ஸ்தாயி தாழ்ந்த ஆதாரம் சுமார் 65 ஹெர்ட்ஸ். தொப்பியின் நாதமும் தம்புராவின் மந்தர சட்ஜமும் இவ்வெல்லையிலேயே உலவுவன. ஆகவே பெரிய பெட்டி வாரி வழங்கிய தாழ்சுரம் முழுவதையும் அறை விழுங்கித் தன் குரலாகவே உமிழ்ந்தது. நண்பர் கேட்டது தந்தையின் கையன்று, சுவர்களின் ஓசை.

ஒலிபெருக்கியின் வரலாறும் இதற்குச் சான்று பகரும். காந்தத்தினிடையே கம்பிச்சுருள் அசையக் காகிதக் கூம்பு அதிரும் இக்கால முறையை 1925இல் அமெரிக்கராகிய ரைஸ், கெல்லாக் என்னும் இருவர் செம்மைப்படுத்தி வெளியிட்டனர். அதன்பின் நல்ல தாழ்சுரம் வேண்டுமாயின் அலமாரி போன்ற பெட்டி வேண்டும் என்ற கொள்கை நிலவிற்று. 1954இல் எட்கர் வில்ச்சர் என்பார் காற்றுப்புகாமல் அடைத்த சிறிய பெட்டியின் உள்ளிருக்கும் காற்றையே வில்லாகப் பயன்படுத்தி, அக்கொள்கையை மாற்றினார். 1970களில் பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகத்துப் பொறியாளர்கள், வெளியிடங்களுக்குச் செல்லும் ஒலிபரப்பு வண்டியின் குறுகிய அறைக்கெனச் சிறிய ஒலிபெருக்கி ஒன்றை வகுத்தனர். எல்.எஸ். 3/5ஏ எனப் பெயரிய அதன் உயரம் ஏறத்தாழ ஓரடி. உள்ளளவு ஏறத்தாழ 5 லிட்டர். தம் தொழிலுக்குச் செவியையே நம்பியவர்கள் சிற்றறைக்கெனத் தேர்ந்தது இத்துணைச் சிறிய பெட்டியே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. மனிதக் குரலை உள்ளவாறே தருவதில் அதற்குள்ள பெருமையை இன்றும் பலர் பேசுகின்றனர்.

"சிறிய பெட்டியில் ஆழ்ந்த நாதம் வாராதே" என மறுப்போரும் உளர். அம்மறுப்பில் உண்மை இல்லாமலில்லை. 16 அடிக் குழலையுடைய ஆர்கன் எழுப்பும் 32 ஹெர்ட்ஸ் சுரத்தைச் சிறு பெட்டி தரமாட்டாது. ஆயினும் நம் சங்கீதத்தின் இயல்பு வேறு. மிருதங்கத்தின் வலந்தலையில் இடும் கருமையான பூச்சினால் அதன் மேற்சுரங்கள் இசைவான விகிதத்தில் அமைகின்றன என்பதனை ஸர் சி. வி. இராமன் 1920இலேயே எடுத்துக்காட்டினார். தம்புராவின் வளைந்த குதிரை மேற்சுரங்களைப் பெருக்கும் வகையையும் அவர் ஆராய்ந்தார். மேற்சுரங்கள் செம்மையாக வருமாயின், குறைந்துபோன அடிச்சுரத்தை நம் செவியே ஓரளவு நிரப்பிக்கொள்ளும். அடிச்சுரத்தைப் பெருக்கி மேற்சுரங்களை மூடிவிடின், அவற்றை மீட்கும் ஆற்றல் செவிக்கு இல்லை. குறைதலினும் குமுறலே கேடு என்க.

இனி, தேர்ந்தெடுக்கும் முறையைக் கூறுவோம். முதலாவது, கண்ணை நம்பலாகாது. கனடா நாட்டிலும் பின்னர் அமெரிக்காவிலும் ஃபிளாய்ட் டூல் என்னும் அறிஞர், திரைக்குப் பின்னே ஒலிபெருக்கிகளை மறைத்துவைத்துப் பலரைக் கேட்கச் செய்தார். எல்லாச் சுரங்களையும் ஏற்றத்தாழ்வின்றி நேர்முகமாகவும் பக்கங்களிலும் சீராக வழங்கும் ஒலிபெருக்கியையே பெரும்பாலோர் விரும்பினர். 1994இல் அவரும் ஷான் ஆலிவ் என்பாரும் வெளியிட்ட ஆராய்ச்சியில், பெட்டிகளைக் கண்ணாற் கண்டபோது அவர்களது மதிப்பீடு மாறிற்று. உருவமும் விலையும் பெயரும் செவியை மயக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இரண்டாவது, ஒப்பிடும் இரண்டையும் ஒரே ஒலியளவிற் கேட்கவேண்டும். சிறிதளவு உரத்து ஒலிப்பது சிறந்ததாகத் தோன்றும். கடைக்காரர் சிலர் இவ்வுண்மையை நன்கு அறிவர். மூன்றாவது, நாம் நன்கு பழகிய குரலையும் வாத்தியத்தையுமே கொண்டு சோதித்தல் வேண்டும். புதிய பாட்டின் பகட்டினால் ஒன்றும் விளங்காது. நான்காவது, பின்புறத் துளையுடைய பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்க நேருமாயின் தாழ்சுரம் மிகும். அத்தகைய இடத்துக்கு அடைத்த பெட்டியே பெரும்பாலும் நன்று. ஐந்தாவது, பெட்டியின் உணர்திறனையும் பெருக்கியின் ஆற்றலையும் சேர்த்து நோக்கவேண்டும். 82 டெசிபெல் உணர்திறனுடைய பெட்டி, 88 டெசிபெல் உடையதைப்போல் ஒலிக்க நான்கு மடங்கு மின்னாற்றல் வேண்டும்.

நம் நாட்டுத் தட்பவெப்பத்தையும் மறத்தலாகாது. கூம்பின் விளிம்பைச் சட்டத்தோடு இணைக்கும் வளையம் நுரைப்பொருளால் ஆனதாயின், வெப்பத்தாலும் ஈரத்தாலும் சில ஆண்டுகளிற் பொடிந்துபோகும். ரப்பர் வளையம் நெடுநாள் உழைக்கும். இங்கே தோல் நாட்டினராகிய நாம் மகிழ்தற்குரிய செய்தி ஒன்று உண்டு. பண்டைய ஒலிபெருக்கிகள் பலவற்றில் இவ்வளையம் மெல்லிய பதனிட்ட தோலினாலேயே செய்யப்பட்டது. ஆடு, மாடு, எருமை என்பவற்றின் தோலாலாகிய மிருதங்கத்தின் நாதம் மீண்டும் ஒரு தோலின் வழியே வெளிப்பட்டது வியப்பன்றோ!

அமிர்தி நண்பரின் காரியம் என்னாயிற்று என்று கேட்பீர்கள். பெட்டிகளை மூலையினின்று விலக்கிச் சுவரிலிருந்து இரண்டடி முன்னே கொணர்ந்தோம். பின்சுவரை ஒட்டியிருந்த நாற்காலியை முன்னே நகர்த்தி, இரு பெட்டிகளும் அதுவும் சமபக்க முக்கோணமாக அமையச் செய்தோம். உயர்சுரக் கருவி செவியின் மட்டத்தில் நின்றது. தரையில் ஜமக்காளமும் பக்கச்சுவரிற் புத்தக அலமாரியும் எதிரொலியை அடக்கின. அவை தாழ்சுரக் குமுறலைத் தடுக்கமாட்டா. அதற்கு இடமாற்றமே வழி. ஒரு காசும் செலவின்றிப் பாதிக் குறை தீர்ந்தது. மீதிக் குறை தீர, பெரிய பெட்டிகளை வாணியம்பாடியிலே விசாலமான கூடத்தையுடைய தம் மருகருக்குக் கொடுத்துவிட்டு, அடைத்த சிறு பெட்டிகள் இரண்டனைத் திரைமறைவிற் கேட்டுத் தேர்ந்து வாங்கினார். அவற்றின் விலை முன்னதில் மூன்றிலொரு பங்கு. அன்று மாலை நாடாவை ஓட்டியபோது அவர் ஒன்றும் பேசவில்லை. சிறிது நேரங்கழித்து, "தொப்பியில் விரலைத் தேய்த்து இழுக்கின்றாரே, அது அவரேதான்" என்று மட்டும் கூறினார்.

மாணவ நண்பர்களே! விழாக்களில் மதிலளவு பெட்டிகளை அடுக்கி நெஞ்சு அதிரச் செய்வதையே இசை எனக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே பெருகிவிட்டது. 85 டெசிபெல்லுக்கு மேற்பட்ட ஓசையை நாடோறும் பல மணி நேரம் கேட்பின் செவி கெடும் என மருத்துவர் எச்சரிக்கின்றனர். கெட்ட செவிக்கு மாற்றுச் செவி கடையில் இல்லை. அப்பெட்டிகளுக்கு ஆகும் வாடகையில் ஒரு சிறு பங்கேனும் ஒதுக்கி, கல்லூரியில் ஒரு சிற்றறையையும் இரண்டு நல்ல சிறு பெட்டிகளையும் அமைப்போமாயின், ஒரு தலைமுறை மாணாக்கர் உற்றுக்கேட்கக் கற்பர். பெருக்குதல் எளிது, கேட்டல் அரிது. அரியதைக் கற்பிப்பதற்கன்றோ கல்லூரி உளது?