பொறுப்பு கீழே, அதிகாரம் மேலே

அரசுப் பள்ளி நலிவுற்றால் பொறுப்பேற்க வேண்டியவர் யார்? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 8ஆம் பிரிவில் அரசுக்கும், 9ஆம் பிரிவில் உள்ளாட்சிக்கும் ஏறத்தாழ ஒரே கடமைகளை விதிக்கிறது: அருகமைப் பள்ளி, கட்டடம், ஆசிரியர், தரமான கல்வி. எனினும், இருவருக்கும் பொதுவான கடமை நடைமுறையில் எவருக்கும் உரியதல்லாததாகிவிடுகிறது.

உத்தரப்பிரதேசத்தில் ஆசிரியர் நியமனம் மாநில அரசின் கையில். ‘காயாகல்ப்’ திட்டத்தின் பெயரால் கழிப்பறையும் குடிநீரும் அமைக்கும் வேலை மட்டும் கிராமப் பஞ்சாயத்திடம். ஆசிரியரில்லாப் பள்ளியைப் பெற்றோர் கைவிடுகின்றனர். மாணவர் குறைந்ததும், 2025 ஜூனில் பள்ளிகளை இணைக்கும் ஆணை மேலிருந்து இறங்கியது. எதிர்ப்பு வலுத்த பின்னரே, ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பள்ளியுடன் இணைப்பில்லை என்று அரசு இறங்கிவந்தது. அந்தத் தொலைவைக் கடக்க இயலாமல் படிப்பை இழப்பவர்கள் தலித், உழைக்கும் குடும்பத்துச் சிறுமியரே.

கேரளம் வேறு வழியைக் காட்டியது. அங்கே தொடக்கப் பள்ளிகள் கிராமப் பஞ்சாயத்திடமும் உயர்நிலைப் பள்ளிகள் மாவட்டப் பஞ்சாயத்திடமும் ஒப்படைக்கப்பட்டன. 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிகளுக்கு வழங்கியது. ஆசிரியர் ஊதியத்தை மாநில அரசே ஏற்றது. பொறுப்புடன் நிதியும் இறங்கியது, அரசும் விலகிக்கொள்ளவில்லை.

நிதியற்ற அதிகாரப் பரவல் என்பது பழியைப் பரவலாக்குவதே. ஆசிரியர் பணியிடங்களை நிரப்புக! பஞ்சாயத்துக்கு நிதி வழங்குக! பெற்றோர் பெரும்பான்மையாகவுள்ள பள்ளி மேலாண்மைக் குழுவின் ஒப்புதலின்றி எந்தப் பள்ளியையும் மூடாதே! இம்முழக்கங்கள் ஒவ்வொரு கிராம சபையிலும் ஒலிக்கட்டும்.