கூரையில்லா வீட்டுக்கு என்ன வரி?

ஓடு இல்லை. கதவு இல்லை. கதவு நின்ற நிலையையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அடுப்படிச் சுவரைப் பிளந்துகொண்டு ஆலமரம் வளர்ந்து நிற்கிறது. யாழ்ப்பாணத் தீவகத்தின் கரம்பனிலும் நாரந்தனையிலும் இப்படி எத்தனை வளவுகள்! 1990களின் தொடக்கத்தில் குண்டுக்கும் படைநடவடிக்கைக்கும் அஞ்சி, உடுத்த துணியோடு கடல் கடந்து ஓடிய குடும்பங்களின் வீடுகள் இவை.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் ஆதனவரிக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஒரு வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு எவ்வளவு வரும் என்று மதிப்பிட்டு, அதில் ஒரு வீதத்தை அறவிட வேண்டும். ஒழுங்கை விளக்கு, குப்பை வண்டி, வாய்க்கால், சந்தை, வாசிகசாலை என்று எல்லாவற்றுக்கும் சபை தன் கையால் போடும் காசில் இதுவும் ஒரு பங்கு. நல்ல சட்டம்தான். ஆனால் வீடிருந்த ஊருக்கு எழுதிய சட்டம். ஆலமரம் குடியிருக்கும் வீட்டுக்கு எவன் வாடகை தருவான்?

கப்பல் வந்து, சுங்கம் நடந்து, வியாபாரம் கொழித்த துறைமுகம் எங்கள் ஊர்காவற்றுறை. இங்கிருந்து போனவர்களின் பிள்ளைகள் இன்று ரொறன்ரோவிலும் பாரிஸிலும் வீட்டுவரி கட்டுகிறார்கள். இங்கே எஞ்சியிருப்பவர்கள் வலை இழுப்பவர்களும் விதவைகளும் ஓய்வூதியக்காரரும். ஆண்டுவரி முழுவதையும் ஜனவரி 31க்குள் கட்டினால் நூற்றுக்குப் பத்துக் கழிவு என்பதால், அந்தக் கழிவுக்காகவே கடன் வாங்கிக் கட்டுகிற கிழவிகள் இருக்கிறார்கள். கட்டிய பற்றுச்சீட்டை உறுதிப் பத்திரத்தோடு சேர்த்து மடித்து வைக்கிறார்கள். கட்டாமல் விட்டால் பொருட்களைக் கைப்பற்றவும் சட்டத்தில் இடமிருக்கிறது.

வரி கட்டிய பிறகும் தண்ணீர்ப் பவுசர் எப்போது வரும் என்று குடத்தோடு வீதியில் நிற்க வேண்டும். கிணறு உவர், குடிக்க முடியாது. அனலைதீவு, எழுவைதீவுக்காரரின் பாடு இன்னும் கொடுமை. எதற்கும் படகேற வேண்டும். ஏன் இந்த நிலை என்று கேட்டால் வருமானம் போதாது என்ற பதில்தான் வருகிறது. வருமானம் எப்படிப் போதும்? வரி தரவேண்டிய வீடுகளை அழித்தது யார்? நாங்களா?

கேட்கவாவது ஆள் இருந்ததா? 2023 மார்ச்சில் பிரதேச சபைகளின் காலம் முடிந்தது. தேர்தலுக்குப் பணமில்லை என்றார்கள். 2025 மே மாதத்துத் தேர்தல் வரை, வாக்குக் கேட்டு வந்த ஒரு முகம்கூடச் சபையில் இல்லை. வரி மட்டும் வழமைபோல ஓடியது. வட மாகாண சபையின் காலமோ 2018 ஒக்டோபரிலேயே முடிந்தது. அதன்பின் தேர்தலே நடக்கவில்லை. எங்கள் காசு வேண்டும், எங்கள் வாக்கு வேண்டாம் என்றால் அதற்குப் பெயர் என்ன?

பிச்சை கேட்கவில்லை. யுத்தம் அழித்த வீடுகள் நின்றிருந்தால் எவ்வளவு வரி வந்திருக்குமோ, அந்த அளவு காசை அரசாங்கம் ஆண்டுதோறும் தீவகச் சபைகளுக்குத் தரவேண்டும். எந்தத் தீவில் எவ்வளவு அறவிட்டார்கள், அங்கே எவ்வளவு செலவழித்தார்கள் என்பதை எல்லோரும் பார்க்கும்படி இறங்குதுறையில் எழுதி ஒட்டவேண்டும். புதிதாகத் தெரிவாகியிருக்கும் உறுப்பினர்களே, அடுத்த வரவுசெலவுத் திட்டத்துக்குக் கையுயர்த்த முதல் இந்த இரண்டையும் கேளுங்கள். கேட்கத்தான் உங்களை அனுப்பினோம்.