குத்தகையும் குடியுரிமையும்

மீமிசல் கரையில் நின்றால் நமக்குத் தெரிவது கடல் மட்டுமே. அதன் அக்கரையிலிருந்து 1983க்குப் பின் வந்தோரும், அவர்களுக்கு இங்கே பிறந்தோரும் இதே புதுக்கோட்டை மாவட்டத்தின் அழியாநிலை, லேனாவிளக்கு முதலிய முகாம்களில் வாழ்கின்றனர்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இம்மாவட்டம் நாட்டுக்கே ஒரு பாடம் சொன்னது. அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்பித்தது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், கல்லுடைக்கும் கூலிப் பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து கல்குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்தனர். உழைப்பு பழையது, உரிமைதான் புதியது.

முகாம் பெண்களும் உழைக்கிறார்கள்; சுய உதவிக் குழுக்களில் சேமிக்கவும் செய்கிறார்கள். எனினும் குடியுரிமை இல்லாதவருக்குச் சேமிப்பு சொத்தாக மாறுவது அரிது. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையிலிருந்து வந்தோரைச் சேர்க்கவில்லை. தமிழக அரசு 2021இல் அகதி முகாம்களை மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் மாற்றியது. நல்ல பெயர்தான். ஆனால் கூலியில் நின்றுவிடுவது மறுவாழ்வாகாது.

இது முகாமின் சிக்கல் மட்டுமன்று. பேரம் பேச வலுவற்றவள் குறைந்த கூலிக்கு இசைந்தால், பக்கத்து ஊர்ப் பெண்ணின் கூலியும் இறங்கும். எனவே ஊர்ப் பெண்களும் முகாம் பெண்களும் இணைந்த குழுக்களுக்குக் குத்தகையும் கடனும் கிடைக்க வழிசெய்ய வேண்டும் என்கிறோம். முன்பு இயன்றது இன்றும் இயலும்.