பனிக்கட்டி உருகிவிட்டது; மனப்பாடம் உருகவில்லை!

மயிலையிலிருந்து திருவல்லிக்கேணிப் பக்கம் போகும் பேருந்தில் ஏறிப் பாருங்கள். "ஐஸ் ஹவுஸ் எல்லாம் இறங்கு!" என்று நடத்துனர் குரல் கொடுப்பார். இறங்குவார்கள், நடப்பார்கள், அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். ஐஸ் எங்கே, ஹவுஸ் எங்கே என்று எவரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய பள்ளிப் பிள்ளையும் கேட்பதில்லை. கேட்கும் பழக்கத்தை நாம் அவனுக்குக் கற்றுத் தரவில்லை!

கடற்கரையைப் பார்த்தபடி, வட்ட வடிவில் நிற்கிறதே ஒரு மாளிகை, அதுதான் ஐஸ் ஹவுஸ். 1897-இல் விவேகானந்தர் வந்து தங்கிய வீடு. பிறகு, மயிலையில் பிறந்த சகோதரி சுப்புலட்சுமி, பால்ய விதவைகளைச் சேர்த்துப் படிக்க வைத்த வீடு. இன்று விவேகானந்தர் இல்லம் என்று பெயர். ஆனால் அது கட்டப்பட்டது துறவிக்காகவும் அல்ல, கல்விக்காகவும் அல்ல. பனிக்கட்டிக்காக!

1842-ஆம் ஆண்டு. சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலம். கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். மசூலாப் படகுகள் அலையை மீறிப் போய்ச் சரக்கை இறக்கி வரும். அந்தக் காலத்தில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து பனிக்கட்டி வந்தது சென்னைக்கு. அனுப்பியவர் பிரெடரிக் டூடர் என்ற வணிகர். குளிர்காலத்தில் அவர் நாட்டுக் குளங்கள் கல்லாக உறையும். அதை ரம்பத்தால் அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலில் அடுக்கி, வெயில் கொளுத்தும் கடல்களைக் கடந்து அனுப்பினார். 1833-இல் அவருடைய 'டஸ்கனி' கப்பல் 180 டன் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. நான்கு மாதம் கழித்துக் கல்கத்தா சேர்ந்தபோது ஏறத்தாழ 100 டன் மிச்சமிருந்தது!

சுமந்த தோள்களுக்கு அந்தப் பனிக்கட்டியின் குளிர்ச்சி தெரிந்திருக்கும். சுமந்தவன் தொண்டைக்குத் தெரிந்திருக்குமா? துரைமார் குவளைக்கும், செல்வர் விருந்துக்கும் போய்ச் சேர்ந்தது அது. அது பழைய கதை. நாம் எழுப்ப விரும்பும் கேள்வி வேறு.

நான்கு மாதக் கடற்பயணத்தில், அத்தனை வெயிலில், அந்தப் பனிக்கட்டி முழுதும் ஏன் உருகிப் போகவில்லை?

இந்த ஒரு கேள்வியை எந்தப் பள்ளியிலாவது கேட்டுப் பாருங்கள். "உள்ளுறை வெப்பம் என்றால் என்ன?" என்று கேட்டால், மூச்சு விடாமல் ஒப்பிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். "டூடரின் பனிக்கட்டி எப்படித் தப்பியது?" என்று கேட்டால் விழிக்கிறார்கள். இரண்டும் ஒரே கேள்விதான் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

நாம் படித்த கதையைச் சொல்கிறோம், கேளுங்கள். திடப்பொருளுக்கு உருவம் உண்டு, பருமனும் உண்டு. திரவத்துக்குப் பருமன் உண்டு, உருவம் இல்லை. வாயுவுக்கு இரண்டும் இல்லை. மூன்று வரி, மூன்று மதிப்பெண்! "திரவம், வைக்கப்பட்ட பாத்திரத்தின் வடிவத்தைப் பெறும்" என்று ஆசிரியர் சொல்லிக்கொண்டிருந்தார். நமக்கு ஒரு சந்தேகம். எழுந்து நின்று கேட்டோம்: "ஐயா, மணலும் வாளியில் போட்டால் வாளி மாதிரி இருக்கிறது, குடத்தில் போட்டால் குடம் மாதிரி இருக்கிறது. அப்படியானால் மணல் திரவமா?"

பதில் வந்தது. வாயிலிருந்து அல்ல, கையிலிருந்து! தலையில் ஒரு குட்டு. "அதிகப்பிரசங்கி, உட்கார்!"

பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்துகொண்டோம், அந்தக் கேள்வி எவ்வளவு நல்ல கேள்வி என்று. ஒவ்வொரு மணலும் தன் உருவத்தை விடுவதில்லை. ஒன்றின் மேல் ஒன்று சரிந்துதான் வாளியை நிரப்புகிறது. ஆகவே மணல் திண்மம்தான். ஒரு பிடி மணலையும் ஒரு குவளை நீரையும் மேசை மேல் கொட்டிக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும் பாடம். மணல் குவியலாக நிற்கும். நீர் பரந்து ஓடும். அவ்வளவுதான்! குட்டியவரை நாம் குறை கூறவில்லை. அவரையும் ஒருவர் அப்படித்தான் குட்டியிருப்பார். பிள்ளைகள் நிரம்பி வழியும் வகுப்பு, முடிக்க வேண்டிய பாடம், நிரப்ப வேண்டிய படிவம். அவர் என்ன செய்வார்? குற்றம் முறையில் இருக்கிறது.

அந்த முறை செய்யும் கொடுமை என்ன தெரியுமா? பாடத்தை வீட்டிலிருந்தே கற்று வரும் பிள்ளையிடம், 'உனக்கு ஒன்றும் தெரியாது' என்கிறது அது!

நொச்சிக்குப்பத்து மீன்காரப் பெண்ணின் மகளுக்குத் தெரியும், ஐஸைப் பாறையாக வைத்தால் நெடுநேரம் தாங்கும், நொறுக்கிப் போட்டால் மீன் சீக்கிரம் குளிரும், ஆனால் ஐஸும் சீக்கிரம் கரையும் என்று. மேற்பரப்பு கூடினால் வெப்பம் விரைந்து உள்ளே போகும் என்பதுதானே அதன் பொருள்! இரவில் மணியடித்துக்கொண்டு வரும் குல்பி வண்டிக்காரருக்குத் தெரியும், ஐஸில் உப்புப் போட்டால்தான் பால் உறையும் என்று. உப்பு கலந்த பனி சுழியத்துக்கும் கீழே, 21 பாகை வரை இறங்கக்கூடும் என்பது அதன் விளக்கம். தியாகராய நகரின் நகைக்கடைகளுக்கு வேலை செய்யும் பொற்கொல்லர் மகன், தங்கம் தண்ணீர்போல் ஓடுவதை மூசையில் பார்த்து வளர்கிறான். 1,064 பாகையில் உருகுகிறது அது.

அடையாற்றின் மாடி வீடுகளுக்கெல்லாம் எரிவாயு உருளையைத் தோளில் சுமந்து ஏறும் தொழிலாளியைக் கேளுங்கள். "ஆட்டினால் உள்ளே தண்ணீர்போல் சத்தம் கேட்குதே, அடுப்பில் எப்படிக் காற்றாக வருகிறது?" என்று அவர் மகன் கேட்டிருப்பான். அழுத்தத்தில் திரவமாக அடைபட்டிருப்பது, திறந்துவிட்டதும் ஆவியாகிறது. ஆவியாக வெப்பம் வேண்டும். அதை உருளையிடமிருந்தே பறித்துக்கொள்கிறது. அதனால்தான் பெரிய அடுப்பு நெடுநேரம் எரியும்போது உருளையின் மேல் வேர்வை பூக்கிறது. அந்த வேர்வை உள்ளிருந்து கசிந்ததல்ல. வெளிக்காற்றின் ஈரம் குளிர்ந்து படிந்தது. வாயு, நீர், ஆவியாதல், குளிர்ந்து படிதல் என்று ஒரு பாடம் முழுவதையும் சுமந்துகொண்டு மாடி ஏறுகிறார் அப்பா. மகனோ வகுப்பறையில் மூன்று வரியை உருப்போடுகிறான்!

"மதிப்பெண் வாங்கினால் போதாதா? இதையெல்லாம் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது?" என்று கேட்பாரும் உண்டு. சொல்கிறோம், தோழர்களே. உயிர் ஆகப்போகிறது!

உடலில் சுரக்கும் வேர்வை ஒரு கிராம் ஆவியானால், ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்கிறது. வெயிலில் உழைப்பவனை உயிரோடு வைத்திருப்பது இந்த ஏற்பாடுதான். ஆனால், ஆவியாகும் வேர்வைதான் குளிர்விக்கும். வழிந்து தரையில் சொட்டும் வேர்வை குளிர்விப்பதில்லை. சென்னையில், காற்றில் ஈரம் மிகுந்து புழுங்கும் நாளில், வேர்வை வழியும், ஆவியாகாது. அன்று வெப்பமானி காட்டும் எண்ணை மட்டும் பார்த்து, "நேற்றைவிட வெயில் குறைவுதானே, வேலையை நிறுத்தாதே" என்கிறார் மேஸ்திரி. சாரத்தில் நிற்பவன் தலைசுற்றி விழுகிறான். "விதி" என்கிறார்கள். விதியா அது? நடுநிலைப் பள்ளிப் பாடம்! அதை மனப்பாடமாக அல்லாமல், பொருளறிந்து படித்திருந்தால் மேஸ்திரியும் நிழல் தந்திருப்பார். தொழிலாளியும் நிழல் கேட்டிருப்பார்.

இட்லிக் கொப்பரையின் ஆவி, கொதிநீரைவிடக் கொடுமையாகச் சுடுவது ஏன் என்று தாய்மார்களைக் கேளுங்கள், சுட்டதைக் காட்டுவார்கள். ஒரு கிராம் ஆவி நீராக மாறும்போதே 540 கலோரியைக் கையில் கொட்டிவிட்டு, அதன் பிறகும் கொதிநீராக நின்று சுடுகிறது. கொதிகலன் ஓரத்தில் நிற்கும் தொழிலாளிக்கு இன்னொன்று: கொதிக்கும் நீர் ஆவியானால் சுமார் 1,600 மடங்கு பெருக்கிறது. அடைப்பிதழ் சிக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்று அந்த எண் சொல்கிறது.

இனி ஒரு கூட்டம் வரும். "அறிவியலாவது தமிழிலாவது! ஆங்கிலத்தில் படித்தால்தான் புரியும்" என்று. கடன் வாங்கிக் கட்டணம் கட்டும் தகப்பன்மார் பலரும் இதை நம்புகிறார்கள். அவர்களுக்கு மீண்டும் அமெரிக்காவைக் காட்டுகிறோம். டூடரின் பாஸ்டன் நகரம் இருப்பது மாசசூசெட்ஸ் மாநிலத்தில். அதே மாநிலத்தின் வூஸ்டர் ஊரிலிருந்து, 1847-இல் யாழ்ப்பாணம் வந்தார் மருத்துவர் சாமுவேல் கிறீன். மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில், பிறகு அது போதாதென்று உணர்ந்து, தாமே தமிழ் கற்று, தமிழிலேயே! உடற்கூறும் வேதியியலும் தமிழ் நூல்களாயின. அமெரிக்காவிலிருந்து வந்தவருக்குத் தெரிந்தது, இங்கே பிறந்தவர்க்குத் தெரியவில்லை!

ஒரே மண்ணிலிருந்து இரண்டு சரக்கு வந்தது. பனிக்கட்டி வந்தது, உருகிப் போயிற்று. இயந்திரத்தில் பனிக்கட்டி செய்யத் தொடங்கியதும் அந்த வணிகமே மறைந்தது. தமிழில் அறிவியல் வந்தது, அது உருகவில்லை.

ஆங்கிலம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. உலகத்தோடு பேச அது வேண்டும். ஆனால் பொருளை உணர்த்த எது எளிது என்று பாருங்கள். திண்மம் என்றால் திண்ணென்று இருப்பது. நீர்மம் என்றால் நீர்போல் இருப்பது. வளி என்றால் காற்று. வளிமம் காற்றுப்போல் இருப்பது. உள்ளுறை வெப்பம் என்றால் உள்ளே உறைந்து, வெளியே தெரியாத வெப்பம். சொல்லே பாதிப் பாடத்தை நடத்திவிடுகிறது! அதையும் பொருள் சொல்லாமல் உருப்போட வைத்தால், பழி தமிழ் மேல் விழும்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டோம். அடையாற்றங்கரைப் பக்கம் கோட்டூர்புரத்தில் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையம் இருக்கிறது. 2022 நவம்பரில், அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை செய்து பார்த்துக் கற்க, வானவில் மன்றம் தொடங்கப்பட்டது. நல்ல தொடக்கம். ஆனால் மையத்துக்குப் பிள்ளை போவது ஆண்டுக்கு ஒரு நாள், வரிசையில் நின்று. வகுப்பறைக்குப் போவது ஆண்டு முழுதும். தேர்வுத் தாள் மனப்பாடத்துக்கே மதிப்பெண் தரும் வரை, சோதனை விருந்தாளியாக வந்து விருந்தாளியாகத்தான் போகும். தேர்விலும் கேள்வி மாற வேண்டும். "வரையறு" என்பது போய், "ஏன்?" என்பது வர வேண்டும்.

அதுவரை நாம் கைகட்டி இருப்பதா? நமக்குப் படிப்பகங்கள் இருக்கின்றன, தொழிற்சங்க அறைகள் இருக்கின்றன, ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன. ஒரு அடுப்பு, ஒரு பாத்திரம், ஆய்வகத்தில் பயன்படும் வெப்பமானி ஒன்று, ஒரு கூடை ஐஸ். தெருப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். நொறுக்கிய ஐஸைப் பாத்திரத்தில் போட்டு அடுப்பில் வையுங்கள். அருகில் பெரியவர் ஒருவர் நின்று கிளறிக்கொண்டே இருக்கட்டும். வெப்பமானி எவ்வளவு ஏறும் என்று முதலில் பிள்ளைகளைச் சொல்லச் சொல்லுங்கள். "பத்து", "இருபது" என்று கத்துவார்கள். பிறகு பார்க்கட்டும். தீ எரிகிறது, ஐஸ் கரைகிறது, வெப்பமானியோ சுழியத்தை விட்டு நகர மறுக்கிறது! கடைசித் துண்டு கரைந்த பிறகுதான் ஏறத் தொடங்குகிறது.

"அவ்வளவு தீயும் எங்கே போயிற்று?" என்று ஒரு பிள்ளை கேட்கும். ஏறத்தாழ 1760-ஆம் ஆண்டுகளில், கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் என்ற பேராசிரியர் கேட்ட கேள்வி அது. அப்போது சொல்லுங்கள்: ஒரு கிராம் பனிக்கட்டியின் கட்டுகளைத் தளர்த்தி நீராக்க மட்டும் 80 கலோரி வேண்டும், அந்த வெப்பத்தைக் கொண்டு அதே நீரைச் சுழியத்திலிருந்து 80 பாகைக்குச் சூடாக்கிவிடலாம். மரத்தூள் வெயிலைத் தடுத்தது. தடுப்பை மீறி நுழைந்த வெப்பம் இந்தக் கணக்கிலேயே செலவாயிற்று. டூடரின் 100 டன் பிழைத்தது இப்படித்தான்! கேள்வி முதலில், சோதனை அடுத்து, தமிழ்ப் பெயர் அதற்கடுத்து, வரையறை கடைசியில். முறை அதுதான்.

முதல் ஞாயிறு வந்த பிள்ளை, மறுநாளே மதிப்பெண்ணை அள்ளி வந்துவிடாது. "இவ்வளவு செய்தும் ஏறவில்லையே" என்று எவரேனும் சலித்துக்கொண்டால், அந்த வெப்பமானியைக் காட்டுங்கள். அது ஏறாத நேரத்தில்தான், உள்ளே கட்டுகள் தளர்ந்துகொண்டிருந்தன. தீயை மட்டும் அணைத்துவிடாதீர்கள், தோழர்களே!